முப்பத்தொன்றாம் எண் குழந்தையின் எடை

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்வது நன்றாக இல்லைதான். ஆனால் நீங்கள் மேசையில் பரப்பி வைத்திருக்கும் படிவங்களைப் பார்த்தாலே தெரியும். எட்டையும் மூன்றையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. ஏழுக்கு நடுவில் சின்னதாகக் குறுக்குக் கோடு போடுவேன், ஒன்று என்று யாராவது படித்துத் தொலைத்துவிடக் கூடாதே என்பதற்காக. பதினெட்டு வருடங்களாக இப்படித்தான் எழுதுகிறேன். இந்த வாக்குமூலத்தையும் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டது அதனால்தான். தட்டச்சு செய்யும் பெண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம்.

விசாரணைக் குழுவில் இருவர் வெளியிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது குழந்தை வளர்ச்சி ஆய்வு. குழந்தை மருத்துவம், சத்துணவு, மொழி, சமூகம், புள்ளியியல் என்று ஐந்து துறைக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. ஐந்து பேருக்கும் தனித்தனி அறை, தனித்தனிப் பேச்சு. ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் குழந்தையைக் கையால் தொட்டதில்லை. தொட்டவர்கள் நாங்கள் ஆறு பேர், எடை போடுபவர்கள். ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு வயது முடியும்வரை மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போய் எடை, நீளம், கைச்சுற்று மூன்றையும் எடுத்து வர வேண்டும். என் பங்குக்கு நாற்பது குழந்தைகள்.

ஆய்வில் குழந்தைக்குப் பெயர் கிடையாது, எண்தான். தாயிடம் ஒரு நீல அட்டை இருக்கும். அதில் மாதாமாதம் ஒரு புள்ளி வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடிழுத்துச் சேர்ப்போம். அட்டையின் அடியில் அச்சடித்த சிவப்புக் கோடு ஒன்று போகும். குழந்தையின் கோடு அதற்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வண்டி வரும், குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். அதே எண்கள் எங்கள் படிவத்திலும் ஏறும். ஏதாவது தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். பதினெட்டு வருடத்தில் நான் அழிப்பான் தொட்டதில்லை.

எங்களை மேய்ப்பதற்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் அம்மா. நல்லவர், ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கட்டம்மா. என்னை வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே சொன்னார்: "இதோ பாருங்க, கட்டம் காலியா இருந்தா அங்க குழந்தையே இல்லைன்னு அர்த்தம். மனசுல வெச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன். அந்த வாக்கியத்துக்கு நான் பயப்படாத நாளே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், மாதக் கடைசியில் படிவத்தைப் புரட்டும்போது ஒரு கட்டம் வெள்ளையாகக் கிடந்தால் எனக்கு ஒரு வீட்டைத் திறந்து பார்த்துத் தொட்டிலில் ஒன்றும் இல்லாதது போல இருக்கும்.

முப்பத்தொன்று பெண் குழந்தை. பிறந்தபோது இரண்டு கிலோ நூறு. அம்மா தையல்காரி, பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரே அறையில் வீடு. கணவர் வெளியூரில் வேலை, வந்தால் உண்டு. ஜன்னலோரம் தையல் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் துணிக்கூடை, கூடையில் குழந்தை. "பொடிசு, இங்க பாரு, எடைக்கார அக்கா வந்திருக்காங்க" என்பாள் அந்த அம்மா. எனக்கும் அது பொடிசுதான். படிவத்தில் மட்டும் முப்பத்தொன்று.

முதல் நான்கு மாதமும் ஒழுங்காகப் போய் எடை போட்டேன். கதவு நிலையில் கொக்கியை மாட்டி, தராசைத் தொங்கவிட்டு, துணிப்பையை மாட்டி, எண்ணைச் சுழியத்தில் நிறுத்தி, பிறகுதான் குழந்தையை உட்காரவைப்பேன். பலர் சுழியம் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். நான்காம் மாதம் ஐந்து கிலோ தொள்ளாயிரம். சுமாரான எடைதான், ஆனால் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்போதுதான் என் தராசு கெட்டுப்போனது. குழந்தை இல்லாமலே ஒன்றரைக் கிலோ காட்டியது. பழுதுபார்க்க அனுப்பினேன், ஆறு வாரம் திரும்பவில்லை. மாற்றுத் தராசு கேட்டதற்கு இன்னொருத்தியோடு பங்கு போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவளோ தன் தராசைத் தாலி மாதிரி வைத்திருந்தாள், கையை விட்டு இறக்கவில்லை. மாதக் கடைசியில் நாற்பது கட்டங்கள் வெள்ளையாகக் கிடந்தன. நாற்பது தொட்டில்.

சமையல் மேடையில் உட்கார்ந்து நாற்பது அட்டைகளின் நகல்களையும் பரப்பிவைத்துப் பார்த்தேன். கோடு எப்படிப் போகிறது என்று தெரிந்தால் அடுத்த புள்ளி எங்கே விழும் என்று தெரியாதா? ஒவ்வொரு குழந்தையின் சுபாவமும் எனக்குத் தெரியும். ஒன்பது சோம்பேறி, மெதுவாக ஏறும். இருபத்தாறு பால் குடித்தே ஊதியது. அவரவர்க்கு உரியதை எழுதினேன். யாருக்கும் அதிகமாகவும் கொடுக்கவில்லை, குறைக்கவும் இல்லை.

தராசு திரும்பி வந்ததும் முதலில் ஏழெட்டு வீடுகளுக்குப் போய்ச் சரிபார்த்தேன். நூறு கிராம், மிஞ்சினால் நூற்றைம்பது கிராம் வித்தியாசம். அவ்வளவுதான். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு வந்தது திமிர் அல்ல, ஒரு நிம்மதி. தராசுக்குத் தெரிவது எனக்கும் தெரிகிறது என்ற நிம்மதி.

அதன்பிறகு எல்லா வீட்டுக்கும் எல்லா மாதமும் போக வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குப் படவில்லை. நன்றாக வளரும் குழந்தைகளை ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் பார்த்தேன். மாடிவீட்டுக் குழந்தைகளை இரண்டு மாதம் விட்டேன். முழங்கால் வலியைக் காரணமாகச் சொல்லச் சொன்னார் என் வீட்டுக்காரர். வேண்டாம், முழங்கால் மேல் பழி போட மாட்டேன். அது நன்றாகத்தான் இருக்கிறது.

முப்பத்தொன்றுக்கு ஐந்தாம் மாதம் ஆறு கிலோ இருநூற்றெண்பது. ஆறாம் மாதம் ஆறு அறுநூற்றறுபது. ஏழாம் மாதம் ஏழு கிலோ இருபது கிராம். மூன்றும் நான் கொடுத்தவை.

எங்கள் புள்ளியியல்காரருக்குப் பிசிறு என்று பெயர் வைத்திருந்தோம், தசமப் புள்ளிக்குப் பின்னால் உயிரை விடுவார். அவர் ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "மத்தவங்க எல்லாம் ஆறரை, ஏழுன்னு முழுசாக்கி எழுதிடறாங்கம்மா. உங்க நம்பர்ல மட்டும்தான் பிசிறு இருக்கு. இப்படி இருந்தாத்தான் நம்பலாம்." அன்றைக்கு எனக்குத் தேநீர் அவர் கணக்கில்.

எட்டாம் மாதம் அந்த மூன்று மாடியும் ஏறினேன்.

கதவைத் திறந்தவுடன் அந்த அம்மா, "அக்கா, நல்லவேளை வந்தீங்க. ஆறு வாரமா வயித்தால போகுது. நிக்கவே மாட்டேங்குது. பாலும் இழுக்க மாட்டேங்கறா" என்றாள். கூடையில் பொடிசு கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். அழவில்லை. அழாத குழந்தையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் பயம்.

கொக்கியை மாட்டினேன். சுழியம் பார்த்தேன். பைக்குள் உட்காரவைத்தபோது கால் இரண்டும் ஓட்டை வழியாகத் தானாக வழுக்கி இறங்கின. தராசு ஐந்து கிலோ நானூற்றெண்பது காட்டியது.

நான்காம் மாதம் இருந்ததைவிடக் குறைவு. நான் கடைசியாக எழுதியதைவிட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைவு. சிவப்புக் கோட்டுக்கும் வெகு கீழே. அந்த எண்ணை இதுவரை எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை. இதில்தான் முதல் தடவை எழுதுகிறேன்.

அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் குழந்தையை இறக்கிவிட்டேன். யோசனை தெளிவாக இருந்தது. ஒரே மாதத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கியதாக எழுதினால் பிசிறு விடுவாரா? முந்தின மாதத்தைக் கிளறுவார், அதற்கு முந்தினதைக் கிளறுவார். பிறகு நாற்பது குழந்தைகளையும் திரும்ப எடை போடுவார்கள். ஐந்து துறைக்காரர்களின் உழைப்பு ஒரு மத்தியானத்தில் குப்பைக்குப் போகும். இதை வைத்து நாளைக்கு எத்தனை ஊர்க் குழந்தைகளுக்கு என்னென்ன நல்லது செய்யப்போகிறார்கள். இத்தனையும் பாழாவது ஒரு குழந்தைக்காக என்று சொல்லவில்லை. ஒரு எண்ணுக்காக.

அதோடு எனக்கு ஒரு திட்டமும் இருந்தது. குழந்தையை நான் கைவிடவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டை ஒரேயடியாக உடைக்காமல் மெல்ல இறக்கிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தேன். இந்த மாதம் ஏழு இருநூற்று நாற்பது. அடுத்த மாதம் ஏறாமல் நிற்கும். அதற்கடுத்து ஆறு தொள்ளாயிரம். பிறகு ஆறு நானூறு. மூன்றே மாதத்தில் யாரும் சந்தேகப்படாமல் கோடு சிவப்பைத் தொட்டுவிடும், விதிப்படி வண்டி வந்துவிடும்.

அந்த அம்மாதான் விடவில்லை. "எவ்வளவுக்கா?" என்றாள்.

"ஏழு இருநூத்தி நாப்பது. போன தடவையைவிட ஏறித்தான் இருக்கா."

"ஏறியிருக்காளா?" அவள் கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காட்டினாள். "இதை ரெண்டு தடவை பக்கவாட்டுல பிடிச்சுத் தைச்சுட்டேன்கா. இன்னும் தொளதொளன்னு நிக்குது. நான் தையல்காரி, எனக்கு அளவு தெரியாதா?"

நான் நீல அட்டையை எடுத்து, நான்காம் மாதப் புள்ளியிலிருந்து எட்டாம் மாதப் புள்ளிக்கு அவள் கண்ணெதிரிலேயே கோடு இழுத்தேன். அடிக்கோல் வைத்துத்தான். "பாருங்க, மேலதானே போகுது? பல்லு முளைக்கிற சமயத்துல எல்லாக் குழந்தைக்கும் வயித்தால போகும். மேல உப்பறது நிக்கும், ஆனா உள்ளுக்குள்ள எடை கூடும்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடட்டுமா?"

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக எடை போடுவார்கள். இரண்டாவதாக அட்டையைக் கேட்பார்கள். "எதுக்கும்மா, அங்க போனா இல்லாத நோய் ஒட்டிக்கும். ரெண்டு வாரம் பாருங்க, சரியாயிடும்" என்றேன்.

அவள் சட்டையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி சட்டையைப் பார்த்தாள். கடைசியில் சட்டையை மடித்துக் கூடைக்குள் வைத்தாள். "சரிக்கா. நீங்க படிச்சவங்க, தெரியாமலா சொல்லுவீங்க" என்றாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பத்தொன்பதாம் நாள் பொடிசு போய்விட்டாள். எனக்கு அது ஒன்பதாம் மாத எடைக்குப் போனபோதுதான் தெரியும். மெஷின் மேல் உறை போட்டிருந்தது. கூடையில் துணி மட்டும் இருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "அட்டையில நல்லாத்தானே இருந்துச்சுக்கா" என்று மட்டும் கேட்டாள். கேட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விதிப்படி நான் இறப்புப் படிவம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் ஒரு டாக்டர் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். அட்டையைப் பார்ப்பார், அந்தச் சட்டையைப் பார்ப்பார். நான் அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஆபீசில் கேட்கிறார்கள் என்று சொல்லி. கொடுத்துவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் படிவத்தை எடுத்தேன். முப்பத்தொன்றுக்கு நேரே கட்டம் காலி. கட்டம் காலியாக இருந்தால் அங்கே குழந்தை இல்லை என்று அர்த்தம். நான் அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்தபிறகுதான் சுயநினைவு வந்தது. பேனாவை எடுத்து ஏழு ஐநூற்றிருபது என்று எழுதினேன். எழுதியவுடன் மூச்சு சீரானது. இறக்க வேண்டிய கோட்டை இனி எதற்கு இறக்க வேண்டும்?

பிடிபட்டுவிடுவோம் என்ற பயத்தில் செய்தேன் என்று நீங்கள் உங்கள் அறிக்கையில் எழுதுவீர்கள். முதல் மாதத்துக்கு அது சரி. அப்புறம் வந்த பயம் வேறு. எழுதாமல் விட்டால் அவள் செத்துப்போவாள் என்ற பயம். அதை உங்களுக்குப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை.

பத்தாம் மாதம் இரண்டு பல். பதிமூன்றாம் மாதம் நடந்தாள். படிவத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. மொழித் துறைக்காரர் பன்னிரண்டாம் மாதத்தில் குழந்தை சொல்லும் சொற்களை எழுதிவரச் சொல்வார். சொல்பொறுக்கி என்போம் அவரை. மற்ற குழந்தைகளுக்கு எல்லாம் முதல் சொல் "அம்மா" என்றே வந்திருந்தது. நான் முப்பத்தொன்றுக்கு "தா" என்று எழுதினேன். அவள் சுபாவத்துக்கு அதுதான் பொருந்தும். பசித்த குழந்தை.

பதினாறாம் மாதம் இருநூறு கிராம் இறக்கினேன். விடாமல் ஏறிக்கொண்டே போகும் கோடு இயற்கையாக இருக்காது. குறிப்பில் மூன்று நாள் காய்ச்சல் என்று எழுதினேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார்.

"முப்பத்தொண்ணுக்குக் காய்ச்சல்ங்க."

"மருந்து குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. இறங்கிடும்" என்றேன். பதினேழாம் மாதம் நானூறு கிராம் ஏற்றியபிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பிசிறு திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். இரண்டு கிலோ நூறில் பிறந்த குழந்தை, எட்டாம் மாதம் சற்றே தடுமாறி, பிறகு மீண்டு, ஆரோக்கியமான எடையைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள் வந்து சேர்ந்த கதை. "குறை எடையில பிறந்த குழந்தை வீட்டுலயே, எந்த ஆஸ்பத்திரி உதவியும் இல்லாம எப்படித் தேறி வருதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது" என்றார். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு வண்டி அனுப்பும் விதியைத் தளர்த்தலாமா என்று சத்துணவுத் துறை அம்மா கேட்டார். யோசிக்கலாம் என்றார்கள். எனக்கு உள்ளூர ஏதோ நெருடியது. ஆனால் திரையில் அவள் கோடு அவ்வளவு உயரத்தில் போவதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த கட்டம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

சொல்பொறுக்கிக்கு அந்தக் குழந்தையின் பேச்சைப் பதிவு செய்ய ஆசை வந்துவிட்டது. என்னிடம் சொல்லாமல், முகவரியை எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த மூன்று மாடியும் ஏறிவிட்டார். கதவைத் திறந்த அம்மாவிடம், "உங்க பொண்ணு பேசறதைப் பதிவு பண்ண வந்திருக்கோம்மா. பதினோரு கிலோ இருக்காளாமே, வெரி குட்" என்றிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேலையை அவர் செய்தார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்தபோது அந்த அம்மா வாசலில் நின்றிருந்தாள். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவளை எடை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அக்கா," என்றாள், சத்தமே இல்லாமல். "எம் பொண்ணு பதினோரு கிலோ இருக்காளாம். எங்க வெச்சிருக்கீங்க?"

அவள் அழுதிருந்தால், என் முகத்தில் அறைந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. உண்மையாகவே கேட்டாள். நான் ஏதாவது ஒரு கதவைக் காட்டினால் அதைத் திறந்துகொண்டு போயிருப்பாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியிலிருந்து முப்பத்தொன்றின் கோப்பை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"எப்ப நடந்தா?"

"பதிமூணாம் மாசம்மா."

"கொஞ்சம் லேட்டுதான்."

"மாடிப்படியைப் பார்த்துப் பயந்துட்டா. அப்புறம் சரியாயிட்டா."

தலையாட்டினாள். தாளைத் திருப்பினாள். "காய்ச்சல்னு போட்டிருக்கே. பக்கத்துல யார் இருந்தா?"

"நான் இருந்தேன்" என்றேன். அது பொய்யில்லை.

கடைசித் தாளில் பத்துக் கிலோ தொள்ளாயிரத்து நாற்பது என்று இருந்தது. அவள் கழுத்திலிருந்து நாடாவை உருவினாள். "பதினோரு கிலோன்னா மார்புச் சுற்று பத்தொன்பது இஞ்ச் வரும்" என்று முணுமுணுத்தாள். பத்தொன்பதில் கட்டைவிரலை அழுத்தி, நாடாவை வளையமாகச் சேர்த்து, மேசைக்கு மேலே அந்தரத்தில் பிடித்தாள். வளையத்துக்குள்ளே என் மேசையும் தொலைபேசியும் தெரிந்தன. அவள் கை அசையவில்லை. வளையத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கடைசியா எங்க வீட்டுல எடை போட்டீங்களே, அன்னிக்கு நிஜமா தராசு என்ன காட்டுச்சு? நான் பாக்கறதுக்குள்ள இறக்கிட்டீங்க."

"ஏழு இருநூத்தி நாப்பது" என்றேன்.

"அப்ப என் சட்டைதான் தப்பா?"

அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். சட்டை தப்பில்லை. சட்டை மட்டும்தான் அந்த வீட்டில் சரியாக இருந்தது. அன்றைக்கே குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் தடுத்தேன். இதைத்தானே நீங்கள் முழுதாக எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வருகிற புதன்கிழமை முப்பத்தொன்றுக்கு இருபத்துநான்கு மாதம் முடிகிறது. கடைசி எடை. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டீர்கள், அது நியாயம். ஆனால் என் இடத்தில் யாரைப் போட்டாலும் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட வேண்டாம் என்று சொல்லுங்கள். பதினொன்று நூற்றிருபதுக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவில் எது எழுதினாலும் சரியாக இருக்கும். எனக்கு இரண்டு நாளாக அதே நினைப்பு.

இன்னும் ஒரே ஒரு விஷயம் பாக்கி. பன்னிரண்டாம் மாதத் தாளில் ஒரு திருத்தம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அன்றைக்கு, அந்த அம்மாவின் முன்னால் செய்தது. அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்து கதவுவரை போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"மொதல்ல என்ன பேசினாக்கா?"

தாளைக் காட்டினேன். விரலை வைத்துப் படித்தாள். "தா." இன்னொரு தடவை படித்தாள். "என்னை ஒண்ணும் கூப்பிடலையா?"

என்னால் தாங்க முடியவில்லை. பேனாவைத் திறந்தேன். விதிப்படி ஒரே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் "அம்மா" என்று எழுதினேன். சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். அவள் மை காயும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். அந்தத் திருத்தத்தை நீங்கள் தள்ளுபடி செய்துவிடலாம். அவள் "தா" என்றுதான் சொன்னாள். அந்தக் கோப்பில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.